பதினொரு பேர், மூன்று காட்சிகள்: விடுமுறைக் காலத் திரையரங்கம் ஒன்றின் மதிப்பீடு

ஆண்டு இறுதி விடுமுறையின் இரண்டு வாரங்களுக்குள் ஒரே திரையரங்க வளாகத்துக்கு மூன்று முறை போய்வந்தேன். முதல் முறை, 5 வயதுப் பெண் குழந்தையில் தொடங்கி 76 வயதுப் பெரியம்மா வரை பதினொரு பேர் கொண்ட குடும்பமாகப் போனோம். இரண்டாம் முறை, கல்லூரி நாள்களிலிருந்து பழகிவரும் நண்பர்கள் நால்வர். மூன்றாம் முறை மறுபடியும் அதே பதினொரு பேர். முதல் முறை பட்ட பாட்டிலிருந்து கற்றுக்கொண்டதைச் சோதித்துப் பார்த்துவிடுவது என்ற எண்ணத்தோடு போனோம். பார்த்த படங்களைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அவற்றை அலச ஆள்கள் நிறைய இருக்கிறார்கள். கூட்டமாக வருகிறவர்களை ஒரு திரையரங்கம் எப்படி நடத்துகிறது என்று எழுதுவோர்தான் குறைவு. வளாகத்தின் பெயரைச் சொல்லவில்லை. பல திரைகளைக் கொண்ட வளாகங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை போலவே இருப்பதால், இங்கே சொல்லும் குறையும் நிறையும் உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் அரங்கத்திலும் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வளாகத்தில் படம் நன்றாகத் தெரிகிறது, நன்றாகவும் கேட்கிறது. ஆனால் பதினொரு பேர் ஒரு குடும்பமாக வந்திருக்கிறார்கள் என்பது அதன் கண்ணில் படுவதேயில்லை. அதன் கணக்கில் நாங்கள் பதினொரு டிக்கெட், அவ்வளவுதான். எடிசனின் நிறுவனம் 1894இல் மக்களுக்குக் காட்டிய கைனடாஸ்கோப், ஒரு பெட்டிக்குள் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் குனிந்து பார்க்கும் கருவி. அடுத்த ஆண்டு, 1895 டிசம்பர் 28 அன்று, பாரிஸ் நகரின் ஒரு காப்பிக் கடையின் நிலவறையில் லூமியர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு திரையில் படம் காட்டியபோதுதான், ஒரே படத்தைப் பலர் சேர்ந்து பார்க்கும் வழக்கம் நிலைபெறத் தொடங்கியது. அன்று காட்டியவை ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக ஓடிய பத்துக் குறும்படங்கள். வந்திருந்தவர்கள் 33 பேர் என்பார்கள். அதுவும் ஓர் ஆண்டு இறுதி வாரக் காட்சிதான். அந்த 33 பேரில் எங்கள் வீட்டாரும் இருந்திருந்தால் கூட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு நாங்களாக இருந்திருப்போம். எங்கள் வீட்டுச் சின்னவளுக்கும் அந்த நீளம் மிகப் பொருத்தமாக இருந்திருக்கும். இந்த வளாகத்தின் முன்பதிவுச் செயலியோ இன்னும் 1894ஐத் தாண்டி வரவில்லை.

செயலியில் ஒரு முறைக்குப் பத்து டிக்கெட்டுக்கு மேல் எடுக்க முடியாது. நான் பார்த்தபோது ஒரு வரிசையில் பன்னிரண்டு இருக்கைகள் காலியாக இருந்தன. பத்தைத் தேர்ந்தெடுத்து, பணம் செலுத்தி, வங்கியின் கடவு எண்ணை அடித்து முடித்து, பதினொன்றாவதற்காகத் திரும்பிப் போவதற்குள் மிச்சமிருந்த இரண்டும் சாம்பல் நிறத்துக்கு மாறிவிட்டன. சாதாரண நாளில் அந்த மூன்று நிமிடம் ஒன்றும் இல்லை. விடுமுறை நாளில் அது போதும். வேடிக்கை என்னவென்றால், வரிசையில் ஒற்றை இருக்கை ஒன்று தனியே மிஞ்சும்படி யாராவது தேர்ந்தெடுத்தால் இதே செயலி சிவப்பு எழுத்தில் எச்சரித்துத் தடுத்துவிடுகிறது. விற்காமல் போகக்கூடிய ஓர் ஒற்றை இருக்கைக்காக இவ்வளவு கவலைப்படும் மென்பொருள், ஒற்றையாகிப்போன எங்கள் சித்தப்பாவுக்காகக் கவலைப்படவில்லை. "நான் மேல போய் உக்காந்துக்கறேன், நீங்க எல்லாரும் ஒண்ணா உக்காருங்க" என்று அவர் இரண்டு வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்தார். படம் முடிந்து மற்றவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டு வெளியே வர, அவர் மட்டும் வேறொரு படம் பார்த்துவிட்டு வந்தவரைப் போல அமைதியாகப் பின்னால் நடந்து வந்தார்.

இருக்கை வரைபடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதில் முதல் வரிசையும் கடைசி வரிசையும் ஒரே அளவுக் கட்டங்கள். திரை எவ்வளவு அகலம், வாசல் எந்தப் பக்கம், எத்தனை படி ஏற வேண்டும், கைப்பிடி எந்த ஓரத்தில் இருக்கிறது என்பது எதுவும் அதில் இல்லை. தனியாகப் போகும் இளைஞனுக்கு இவை தேவைப்படாத விவரங்கள். முழங்கால் வலியுள்ள ஒருவரையும் அரை மணிக்கொரு முறை கழிப்பறை கேட்கும் குழந்தையையும் ஒரே நேரத்தில் அழைத்துப் போகிறவருக்கு இவைதான் முதல் விவரங்கள்.

கீழே இறங்கிப் பார்த்தால் நிலைமை மாறுகிறது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்த வளாகத்தின் ஊழியர்கள் அதன் மென்பொருளைவிடப் பல மடங்கு மேலானவர்கள். பத்து டிக்கெட்டுக்கும் சேர்த்து ஒரே கட்டக் குறியீடுதான் வருகிறது. அதுவும் என் கைப்பேசியில் மட்டும். அண்ணன் வண்டியை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார், அண்ணியும் பெரிய மகளும் அவரோடு இருந்தார்கள். எல்லாரும் வந்த பிறகுதான் ஒன்றாக உள்ளே விடுவோம் என்று சொல்லிவிடுவார்களோ என்று நான் தயங்கி நின்றேன். வாசலில் நின்ற இளைஞர் குறியீட்டை ஸ்கேன் செய்துவிட்டு, ஒரு துண்டுச் சீட்டில் பேனாவால் எங்கள் வரிசையின் எழுத்தையும் '7 உள்ளே, 3 பாக்கி' என்பதையும் எழுதித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சித்தப்பாவின் தனி டிக்கெட் அந்தக் கணக்கில் வரவில்லை. பத்து நிமிடம் கழித்து வந்த மூவரையும் அவர் பெயர்கூடக் கேட்காமல் உள்ளே அனுப்பினார் என்று அண்ணி சொன்னார். இலட்சக்கணக்கில் செலவு செய்து எழுதப்பட்டிருக்கக்கூடிய ஒரு மென்பொருளின் ஓட்டையை ஒரு துண்டுச் சீட்டு அடைத்தது.

காட்சிகளுக்கு இடையே விடப்படும் நேரம் விடுமுறைக் கால அட்டவணையில் நெருக்கிப் பிழியப்படுகிறது. முந்தைய காட்சியின் கூட்டம் வெளியே வந்துகொண்டிருக்கும்போதே நாங்கள் உள்ளே போகக் காத்து நின்றோம். பக்கத்து அரங்கத்திலும் அதே நேரத்தில் படம் முடிந்தது. பத்துப் பதினைந்து நிமிட இடைவெளியில் இரண்டு பேர் ஓர் அரங்கம் முழுவதையும் கூட்டிப் பெருக்க வேண்டும் என்றால் சில இருக்கைகளின் கீழே ஏதாவது மிஞ்சத்தான் செய்யும். அதை நான் ஊழியர்கள் பேரில் எழுதமாட்டேன். அட்டவணை போட்டவர் பேரில் எழுதுவேன்.

இனி படிக்கட்டுக்கு வருகிறேன். பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் மதிப்பீடுகளில் தேடிக் கிடைக்காத செய்தி இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அடுக்கடுக்காக உயரும் அரங்கங்களில் ஒவ்வொரு வரிசைக்கும் பெரும்பாலும் இரண்டு படிகள் இருக்கும். ஒன்று குறுகலானது, மற்றொன்று வரிசையின் முன்னால் இருக்கும் நடைபாதையோடு சேர்ந்து நீண்டது. வீட்டுப் படிக்கட்டில் ஏறுவதுபோல் ஒரே தாளத்தில் கால் வைக்க முடியாது. குறுகல், அகலம், குறுகல், அகலம் என்று ஒவ்வொரு அடிக்கும் கால் தன் கணக்கை மாற்றிக்கொள்ள வேண்டும். பெரியம்மா நான்காவது வரிசையில் நின்றுவிட்டு, என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, வலது காலால் அடுத்த படியின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். படி விளிம்புகளில் ஒளிரும் பட்டை ஒட்டியிருந்தார்கள், ஆனால் எங்கள் பக்கத்தில் மூன்று படிகளுக்கு அது அணைந்து கிடந்தது. விளம்பரங்கள் ஓடத் தொடங்கி விளக்குகள் பாதி இறங்கிவிட்ட நேரம் அது. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் வரும் கண் முழுமையாகப் பழக அரை மணி நேரம்வரை ஆகும். வயதாக ஆக அந்தப் பழக்கம் இன்னும் மெதுவாகவே நடக்கும். அதாவது, அரங்கத்துக்குள் நுழைந்த முதல் இரண்டு நிமிடத்தில் 14 வயதுப் பெண்ணுக்குத் தெரியும் படி, 76 வயதுப் பெரியம்மாவுக்குத் தெரியாது. காட்சி தொடங்குவதற்கு இருபது நிமிடம் முன்பே பெரியவர்களை உட்கார வைத்துவிட வேண்டும் என்பது இதனால்தான். ஆனால் இங்கே கதவைத் திறப்பதே பத்து நிமிடம் முன்புதான்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. அதை மூன்றாம் முறைதான் தெரிந்துகொண்டேன். வளாகத்தின் அரங்கங்களில் சிலவற்றுக்குத் திரையை ஒட்டிக் கீழே வாசல். மற்றவற்றுக்கு வரிசைகளின் நடுவில், குறுக்கு நடைபாதையின் மட்டத்தில் வாசல். நடுவில் வாசல் உள்ள அரங்கத்தில், அந்தக் குறுக்குப் பாதையை ஒட்டிய வரிசைக்கு ஒரு படிகூட ஏற வேண்டியதில்லை. சக்கர நாற்காலிக்கு இடம் விட்டிருப்பதும் அங்கேதான். செயலியில் இது தெரியாது; தொலைபேசியில் கேட்டால் சொல்கிறார்கள். எந்தப் படம் என்று முடிவு செய்வதற்கு முன்னால் எந்த அரங்கம் என்று கேட்டுக்கொள்வது எங்கள் வீட்டில் இப்போது வழக்கமாகிவிட்டது.

படத்தின் தரத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. பெரிய அரங்கத்தில் லேசர் ப்ரொஜெக்டர் வைத்திருக்கிறார்கள். பழைய வகை செனான் விளக்குகள் நாள்பட நாள்பட மங்கும். மாற்றும் செலவைத் தள்ளிப்போடும் அரங்கங்களில் படம் அழுக்குக் கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல் இருக்கும். லேசரில் அந்த மங்கல் மிகமிக மெதுவாகவே வரும். திரையின் நடுவில் சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா ஒளி இருக்க வேண்டும் என்பது டிஜிட்டல் திரையிடலுக்கான நெறி. அளந்து பார்க்கும் கருவி என்னிடம் இல்லை என்றாலும், இரவுக் காட்சிகளில் கறுப்புச் சட்டையும் கறுத்த சுவரும் தனித்தனியாகத் தெரிந்ததே எனக்குப் போதுமான சான்று. அகலத் திரைப் படத்துக்கு மேலும் கீழும் மிஞ்சும் வெற்றுப் பட்டையைக் கறுப்புத் துணி நகர்ந்து வந்து மூடிக்கொண்டது. பல வளாகங்கள் கைவிட்டுவிட்ட இந்தச் சின்ன மரியாதையை இவர்கள் இன்னும் கடைப்பிடிப்பது மகிழ்ச்சியளித்தது.

தவறு செய்தது நாங்கள்தான். முதல் முறை, குழந்தைகள் கேட்டார்கள் என்பதற்காக முப்பரிமாணக் காட்சிக்கு எடுத்துவிட்டோம். கண்ணாடியை மாட்டிக்கொண்ட ஐந்தாவது நிமிடத்தில் பெரியம்மா என் பக்கம் சாய்ந்து, "இதப் போட்டா எல்லாம் அந்தி சாஞ்ச மாதிரி இருக்கே?" என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. ப்ரொஜெக்டர் இடக்கண்ணுக்கும் வலக்கண்ணுக்கும் உரிய படங்களை மாற்றி மாற்றி வீசுகிறது, வடிகட்டியும் கண்ணாடியும் தத்தம் பங்குக்கு ஒளியை விழுங்கிக்கொள்கின்றன. கடைசியில் கண்ணை வந்தடையும் வெளிச்சம் சாதாரணக் காட்சியில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடுவது வழக்கம். இளங்கண்கள் அதை ஈடுகட்டிக்கொள்ளும். கண்புரை அறுவை செய்துகொண்ட பெரியம்மாவும், தடித்த மூக்குக் கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடியைச் செருகிக்கொண்ட என் அப்பாவும் அந்திப் பொழுதில்தான் முழுப் படத்தையும் பார்த்தார்கள்.

இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. இந்த வகைக் காட்சிக்கு ஒளியின் முனைவாக்கத்தை (ஒளி அலைகள் அதிரும் விதம்; இதை வைத்துத்தான் கண்ணாடி இரண்டு கண்ணுக்குமான படங்களைப் பிரிக்கிறது) கெடுக்காத வெள்ளிப் பூச்சுத் திரை தேவை. அந்தப் பூச்சு ஒளியை எல்லாத் திசையிலும் சமமாகப் பரப்பாமல் நேர் எதிரே இருப்பவர்களுக்கே அதிகமாகத் திருப்பி அனுப்பும். ஓரத்தில் இருப்பவருக்குப் படம் மங்கும். பதினொரு பேர் ஒரே வரிசையில் உட்கார ஆசைப்பட்டால் யாராவது இருவர் ஓரத்துக்குப் போயே தீர வேண்டும். எங்கள் வரிசையில் அப்படிப் போனவர்கள், 'எங்களுக்கு எங்கே உட்கார்ந்தாலும் சரிதான்' என்று எப்போதும் சொல்லும் அம்மாவும் சித்தியும். சின்னவளின் பிரச்சினை வேறு. கண்ணாடி அவள் மூக்கில் நிற்கவில்லை. குழந்தைகள் அளவு தீர்ந்துவிட்டது என்றார்கள். பாதிப் படத்துக்கு மேல் அவள் அண்ணியின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு பார்த்தாள். இரண்டு கண்ணுக்குமான படங்கள் கிடைமட்டமாக விலகியிருப்பதால்தான் ஆழம் தோன்றுகிறது. தலை சாய்ந்தால் கண்கள் இரண்டும் ஒரே மட்டத்தில் இல்லாமல் போய், அவற்றை இணைக்க மூளை திணறுகிறது. கடைசி அரை மணி நேரம் அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இரட்டையாகத் தெரிந்த படத்தையே பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு என் கருத்து, சாதாரணக் காட்சியே போதும் என்பதுதான். முப்பரிமாணம் தேவைப்படும் பிள்ளைகள் தங்கள் நண்பர்களோடு போய்க்கொள்ளட்டும்.

ஒலியைப் பொறுத்தவரை, பெரிய அரங்கத்தில் டால்பி அட்மாஸ் இருக்கிறது. 2012இல் அறிமுகமான இந்த முறையில் ஒரே நேரத்தில் 128 ஒலித்தடங்கள்வரை கையாளலாம், மேற்கூரையிலும் ஸ்பீக்கர்கள் உண்டு. மழை தலைக்கு மேலிருந்து பெய்தது. வசனம் திரையின் பின்னாலிருந்து தெளிவாக வந்தது. திரையில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருப்பதும், முதன்மை ஸ்பீக்கர்கள் அதன் பின்னால் நிற்பதும் 14 வயதுக்காரிக்குப் புதிய செய்தி. படம் முடிந்ததும் கிட்டே போய்த் துளைகளைப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள்.

ஆனால் ஒலி அளவு கூடுதல். திரையரங்கின் ஒலிக் கருவியில் 0 முதல் 10 வரை ஓர் அளவுகோல் இருக்கும். அதில் 7 என்பதுதான் படத்தின் ஒலியைக் கலந்தவர்கள் பயன்படுத்தும் அடிப்படைப் புள்ளி. நிறைந்த அரங்கத்தில் அது சரியாக இருக்கலாம், ஏனென்றால் மனித உடல்களும் உடைகளும் ஒலியை உறிஞ்சும். காலை நேரத்தில், பாதி காலியான அரங்கத்தில், அதே அளவு காதை அறையும். முதல் சண்டைக் காட்சியில் சின்னவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு மிக அருகில் பக்கச் சுவர் ஸ்பீக்கர் ஒன்று இருந்தது. நான் வெளியே போய் மேலாளரிடம், குழந்தைகள் நிறைய இருக்கிறார்கள், சற்றுக் குறைக்க முடியுமா என்று கேட்டேன். அவர் எரிச்சல்படவில்லை. "ஒரு புள்ளி குறைக்கச் சொல்றேங்க, அதுக்கு மேல குறைச்சா பின்னாடி இருக்கறவங்களுக்கு வசனம் கேக்காது" என்று சொல்லிவிட்டு, நான் இருக்கைக்குத் திரும்புவதற்குள் செய்தும் முடித்திருந்தார். ஒரு புள்ளி என்பது ஏறத்தாழ 3 டெசிபல்தான், கேட்டால் பெரிய வேறுபாடு தெரியாது. இருந்தாலும் சின்னவள் காதிலிருந்து கையை எடுத்தாள். மூன்றாம் முறை அவளை வரிசையின் நடுவில் உட்கார வைத்து, இயந்திரங்களின் இரைச்சலைத் தடுக்கப் பயன்படுத்தும் குழந்தைகளுக்கான காதுமூடி ஒன்றையும் வாங்கிக்கொண்டு போனோம். அதன் பிறகு மேலாளரைப் பார்க்கவே தேவை வரவில்லை. ஒலியைத் தணித்து, விளக்கை முழுவதும் அணைக்காமல், குழந்தைகள் எழுந்து நடந்தாலும் யாரும் கோபித்துக்கொள்ளாத காட்சிகளைச் சில நாடுகளில் நடத்துகிறார்கள். விடுமுறை நாள்களின் காலைக் காட்சி ஒன்றையாவது இவர்கள் அப்படி நடத்தினால், அதற்காகவே வருகிற குடும்பங்கள் இருக்கும்.

நண்பர்களோடு போன இரண்டாம் முறையைப் பற்றி எழுத அவ்வளவு இல்லை. நான்கு பேர், இரவுக் காட்சி, பின்னாலிருந்து மூன்றாவது வரிசையின் நடு. செயலி ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் நான்கு இருக்கை கொடுத்தது. நால்வருக்கு மேல் கூட்டமாக யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்துத்தான் அதை எழுதியிருக்கிறார்கள் போலும். அரங்கத்தின் பின்பகுதியில், மூன்றில் இரண்டு பங்கு தொலைவில் நடுவாக அமைந்த இருக்கைகள் ஒலிக்கு நல்லவை என்று பொதுவாகச் சொல்வார்கள். எங்கள் அனுபவமும் அதுவே. எங்களுக்கு முன்னால் ஒருவர் கைப்பேசியை முழு வெளிச்சத்தில் வைத்துச் செய்தி அனுப்பிக்கொண்டேயிருந்தார். ஊழியரிடம் சொன்னதும், அவர் டார்ச்சை அந்த ஆளின் முகத்தில் அடிக்காமல் கால்களுக்குப் பக்கத்தில் தரையில் இரண்டு முறை அடித்தார். கைப்பேசி உள்ளே போய்விட்டது. யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, அந்த ஆளும் அவமானப்படவில்லை. நன்றாகப் பழகிய கை.

மூன்றாம் முறைதான் பெரிய சிக்கலும் வந்தது, பெரிய திருத்தமும் நடந்தது. சிக்கல் இதுதான்: எங்கள் அரங்கத்தின் குளிர்சாதனம் பழுதாகிவிட்டதால் காட்சியைப் பக்கத்து அரங்கத்துக்கு மாற்றினார்கள். எல்லாரும் இடம் மாறி உட்கார்ந்த பிறகு இருபத்தைந்து நிமிடம் ஒன்றும் ஓடவில்லை. மக்கள் நினைப்பதுபோல் இது ஒரு சுவிட்சைத் தட்டும் வேலை இல்லை. டிஜிட்டல் படங்கள் பூட்டிய கோப்புகளாகத்தான் அரங்கத்துக்கு வருகின்றன. அவற்றைத் திறக்கும் சாவி, குறிப்பிட்ட ஒரு கருவிக்கு மட்டும், குறிப்பிட்ட நாள், நேர வரம்புக்குள் மட்டும் செல்லும்படி தனியாக வழங்கப்படுகிறது. பக்கத்து அரங்கத்தின் கருவிக்கு இந்தப் படத்தின் சாவி இல்லையென்றால், அதைக் கேட்டு வாங்கி ஏற்ற வேண்டும். மேலாளர் திரையின் முன்னால் வந்து நின்று இதை நான்கு வாக்கியத்தில் விளக்கியிருந்தால் முணுமுணுப்பு அடங்கியிருக்கும். அவர் வரவில்லை, ஒலிபெருக்கியில் 'தொழில்நுட்பக் கோளாறு' என்ற இரண்டே சொற்கள் மட்டும் மூன்று முறை வந்தன. ஒலி அளவைக் குறைக்கச் சொன்னபோது அவ்வளவு பக்குவமாக நடந்துகொண்ட அதே மனிதரா இவர் என்று இருந்தது. கிளம்ப விரும்பியவர்களுக்குப் பணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும் என்று பிறகு ஓர் ஊழியர் வரிசை வரிசையாக வந்து சொன்னார். எங்களில் யாரும் கிளம்பவில்லை. ஐந்து வயதுக் குழந்தையை இருபத்தைந்து நிமிடம் இருட்டில் சமாளித்த அண்ணிக்கு மட்டும் என்ன கொடுத்தாலும் தகும்.

திருத்தம் எங்களுடையது. பதினொரு பேரும் ஒரே வரிசையில் உட்கார வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டுவிட்டு, முன் வரிசையில் ஐந்து, அதற்கு நேர் பின்னால் ஆறு என்று எடுத்தோம். ஒரே வரிசையில் பதினொரு பேர் உட்கார்ந்தால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஆறு மீட்டர் இருக்கும். ஒரு கோடியில் சிரித்தால் மறு கோடியில் கேட்காது. இரண்டு வரிசையாக உட்கார்ந்தால் யாரும் யாருக்கும் மூன்று நான்கு இருக்கைக்கு மேல் தொலைவில் இல்லை, எல்லாரும் திரையின் நடுப்பகுதிக்கு நேரே இருக்கலாம், கழிப்பறைக்குப் போகிறவர் ஐந்து ஜோடிக் கால்களைத் தாண்டவும் வேண்டாம். ஐந்தும் ஆறுமாக இரண்டு முறை முன்பதிவு செய்வதால் பத்து டிக்கெட் வரம்பும் தொல்லை தரவில்லை. காட்சி வேறு அரங்கத்துக்கு மாறியபோது இந்த ஏற்பாடு குலைந்துவிடுமோ என்று பயந்தோம். புதிய அரங்கத்திலும் இரண்டு வரிசையாகவே உட்காருங்கள் என்று ஊழியரே கைகாட்டினார். குழந்தைகளும் அண்ணனும் அண்ணியும் முன்னால், பெரியவர்கள் பின்னால், அம்மாவும் சித்தியும் இந்த முறை நடுவில். வசனம் சின்னவளுக்குப் புரியாத இடங்களில் அவள் தலையைப் பின்னால் அண்ணாந்து பார்க்க, பெரியம்மா குனிந்து காதுமூடியின் ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டு, இரண்டு சொல்லில் விளக்கிவிட்டு, மறுபடி மூடிவிட்டார். படம் முழுவதும் இது ஏழெட்டு முறை நடந்தது.

கழிப்பறைகள் காட்சி தொடங்கும் முன்பு சுத்தமாகவும், முடியும் நேரத்தில் அவ்வளவாகச் சொல்லிக்கொள்ளும்படி இல்லாமலும் இருந்தன. இடைவேளை விடாத இரண்டரை மணி நேரப் படத்துக்குக் குழந்தையை அழைத்துப் போகிறவர்கள் ஓர இருக்கையை எடுத்துக்கொள்வது நல்லது. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து வெளியேற விடுமுறை மாலையில் அரை மணி ஆகும். பெயர்ப் பட்டியல் ஓடி முடியும்வரை உட்கார்ந்திருந்தால் அதில் பாதி மிச்சமாகும். தின்பண்டக் கவுண்டரின் வரிசை நீளம். நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை.

ஐந்து நட்சத்திரத்துக்கு எத்தனை என்று கேட்டால், படத்துக்கும் ஒலிக்கும் நாலரை கொடுப்பேன், ஊழியர்களுக்கு நான்கு, செயலிக்கு ஒன்றரை. அந்த இருபத்தைந்து நிமிட மௌனம் இல்லாதிருந்தால் ஊழியர்களுக்கும் கூடுதலாகவே கொடுத்திருப்பேன். நண்பர்கள் நால்வராகப் போவதாக இருந்தால் யோசிக்காமல் போகலாம். குடும்பமாகப் போவதாக இருந்தால், காலைக் காட்சி, நடுவில் வாசலுள்ள அரங்கம், முப்பரிமாணம் இல்லாத படம் என்று மூன்றையும் தொலைபேசியில் உறுதிசெய்துகொண்டு, அதன் பிறகு செயலியைத் திறப்பது நல்லது.

அடுத்த விடுமுறைக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. படம் எதுவென்று யாருக்கும் தெரியாது. ஆனால் சித்தப்பா தன் இருக்கையை இப்போதே சொல்லிவைத்துவிட்டார். பின் வரிசை, நடு, பெரியம்மாவுக்கு இடப்பக்கம்.